ஜக்குக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர்

அக்கா மகள் படுத்திருந்த ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கு அடியில் மூன்றாம் நாளே பதினோரு பிரெட் பாக்கெட் சேர்ந்துவிட்டது. எங்கள் சனத்துக்கு ஆஸ்பத்திரி என்றால் பிரெட். கண் ஆபரேஷனுக்குப் பிரெட், பிரசவத்துக்குப் பிரெட், பாம்பு கடித்தாலும் பிரெட். முறிந்த எலும்புக்கும் பிரெட்டுக்கும் என்ன சம்பந்தம் என்று பெரியம்மாவிடம் கேட்டேன். வேப்பூரிலிருந்து பஸ் ஏறி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே பன்னிரண்டாவது பாக்கெட்டை மஞ்சப்பையிலிருந்து எடுத்துக்கொண்டிருந்தாள்.

"வெறுங்கைய வீசிக்கினு வரதுக்கு நான் என்னா நீயா?" என்றாள். அதோடு விட்டிருக்கலாம். "ஆமா, தாய்மாமன்காரன் நீ என்னா வாங்கியாந்த?"

இந்தக் கேள்வியைத்தான் அந்தப் பத்து நாளும் வந்தவர் போனவர் எல்லாரும் கேட்டார்கள். டாக்டர் ஒருவர்தான் கேட்கவில்லை. அவருக்கு நேரமில்லாமல் இருந்திருக்கலாம். தாய்மாமன் என்பது எங்கள் பக்கம் ஓர் உறவு மட்டுமில்லை, ஒரு பொறுப்பான பதவி. காது குத்தினால் மடி நம்முடையது, தட்டு வரிசை நம்முடையது. இவளுக்குக் காது குத்தியபோது நான் பத்தாவது படித்துக்கொண்டிருந்தேன். பட்டு வேட்டி இடுப்பில் நிற்காமல் பெல்ட் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். அவள் என் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் நல்ல சினேகிதர்கள்.

இப்போது அவளுக்கு எட்டு வயது. எனக்கு இருபத்திரண்டு. சினேகம் முறிந்து மூன்று நாள். அவள் எனக்கு டூ விட்டிருந்தாள்.

டூ என்றால் சாதாரண டூ இல்லை. என் முகத்தைப் பார்ப்பதில்லை. நான் பக்கத்தில் நின்றாலும், "அம்மா, அந்த ஆள தள்ளி நிக்கச் சொல்லு, காத்து வரல" என்பாள். மாமா என்று வாய் நிறையக் கூப்பிட்டுக்கொண்டிருந்த பிள்ளைக்கு நான் 'அந்த ஆள்' ஆகிவிட்டேன்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். மறைத்து என்ன ஆகப்போகிறது, வார்டுக்கே தெரிந்துபோன விஷயம்தான்.

நான் செராமிக் டிப்ளமோ படித்தவன். ஒரு பீங்கான் பொம்மை சேடில், அதாவது பட்டறையில், அச்சுப் பிரிவில் வேலை. மனசுக்குள் மட்டும் உலகச் சந்தை. விருத்தாசலத்துப் பொம்மையை உலகம் முழுக்கக் கொண்டுபோகிறேன் என்று இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் ஆரம்பித்திருந்தேன். நாற்பத்தாறு பேர் பின்தொடர்ந்தார்கள். அதில் என் பழைய கிளாஸ் பையன்கள் முப்பது பேர். அன்றைக்குச் சாயங்காலம் அக்கா வீட்டுக்காரரின் பைக்கை வாங்கிக்கொண்டு, இவளைப் பின்னால் உட்காரவைத்து, பரோட்டா வாங்கித் தருவதாகச் சொல்லிக் கிளம்பினேன். சேடுகள் இருக்கும் ரோட்டில் போகும்போது வானம் ஒரு மாதிரி ஆரஞ்சு நிறத்தில் இருந்தது. சூளைப் புகைபோக்கி அதற்கு முன்னால் கறுப்பாக நின்றது. விடுவேனா? ஒரு கையில் ஆக்ஸிலரேட்டர், ஒரு கையில் போன். களிமண் ஏற்றிவந்த டிராக்டர் ஒன்று வழியெல்லாம் சிந்திவிட்டுப் போயிருந்தது, அதன்மேல் ஒரு தூறல் வேறு போட்டிருந்தது. ஈரக் களிமண் ரோட்டில் இருந்தால் வண்டி எப்படிப் போகும் என்பதை மூன்று வருஷம் அதைப் படித்தவனுக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. அவளுக்கு முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்து, தோலும் கிழிந்துவிட்டது. காயம் ஆறும்வரை பத்து நாளாவது உள்ளே இருக்கவேண்டும் என்றார்கள்.

டூவுக்குக் காரணம் அதுகூட இல்லை. அக்கா வீட்டுக்காரர் ஜங்ஷன் பக்கம் டயர் கடை வைத்திருக்கிறார். வார்த்தைகளைச் செலவழிக்காத மனிதர். கடையிலிருந்து ஓடிவந்து, கிரீஸ் கையோடு என் முன்னால் நின்று, "எப்புடிடா வுழுந்தீங்க?" என்று கேட்டார். என் வாயிலிருந்து இது வந்தது:

"பாப்பா பின்னால ஆடிக்கினே வந்தா மாமா. பேலன்ஸ் போயிருச்சி."

ஸ்ட்ரெச்சரில் கத்திக்கொண்டிருந்தவள் சட்டென்று அழுகையை நிறுத்தினாள். தலையைத் திருப்பி என்னைப் பார்த்தாள். கால் முறிந்த பிள்ளை வலியை மறக்கிற அளவுக்கு நான் ஒரு காரியம் செய்திருக்கிறேன்.

"நான் ஆடல" என்றாள்.

"சரி சரி, ஆடல. அழுவாத" என்றாள் அக்கா. ஆடியிருக்கிறாள் என்பது அதற்கு அர்த்தம். பிள்ளைகள் அப்படித்தான் சொல்லும் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும்.

அதற்கப்புறம் வந்த ஒவ்வொரு பிரெட் பாக்கெட்டும் ஓர் அறிவுரையோடு வந்தது. "வண்டில குந்திக்கினா சும்மா இருக்கணும் கண்ணு." "வாலு, உனக்கு நல்லா வேணும்." பெரியம்மா ஒருபடி மேலே போய், மாவுக்கட்டைத் தட்டி, "இப்ப ஆடு பாக்கலாம்" என்று சிரித்தாள். அக்கா மகள் என்னை மட்டும் ஒரு பார்வை பார்ப்பாள். நான் உடனே பரிசு வாங்கக் கிளம்பிவிடுவேன்.

உண்மையைச் சொல்வதற்கு ஒரு நிமிடம் போதும். பரிசு வாங்க ஊரெல்லாம் அலைய வேண்டும். நான் அலைவதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் ரிமோட் கார். கட்டிலில் படுத்தபடியே ஓட்டலாமே என்று என் மூளை. அவள் ரிமோட்டைத் தொடவேயில்லை. நானே ஓட்டிக் காட்டினேன். கார் நாலு கட்டிலுக்கு அடியில் புகுந்து, குளுக்கோஸ் ஸ்டாண்டில் மோதி, சிஸ்டரின் செருப்புக்கு அடியில் தன் பயணத்தை முடித்துக்கொண்டது. அடுத்து பேசுகிற பொம்மை. அமுக்கினால் இங்கிலீஷில் பாட்டுப் பாடும். பக்கத்துக் கட்டிலில் இடுப்பு ஆபரேஷன் முடிந்து படுத்திருந்த ஆயா, "அத நிறுத்தறியா, இல்ல நான் எழுந்து வரவா?" என்றார். அவர் எழுந்து வரமுடியாது என்று தெரிந்தும் நிறுத்திவிட்டேன்.

மூன்றாவது வாங்கிப் போனதைச் சொல்ல இப்போதும் கூச்சமாக இருக்கிறது. பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஃபேன்ஸி கடையில் அவசரத்தில் நின்றபோது, எட்டு வயதுப் பெண் பிள்ளைக்கு என்ன தரலாம் என்று கடைக்காரரையே கேட்டேன். அவர் நல்ல மனிதர், ரோஸ் கலர் பிடி போட்ட ஒன்றை எடுத்துக் கொடுத்தார். நான் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி எடுத்துப் போனேன். அக்காதான் பிரித்தாள்.

"ஏன்டா, உனக்கு மண்டையில என்னாதான்டா இருக்குது?"

ஸ்கிப்பிங் கயிறு.

மாவுக்கட்டுக் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தவள் அதைப் பார்த்தாள். "அம்மா, அந்த ஆளையே குதிக்கச் சொல்லு" என்றாள்.

குதித்தேன். சத்தியமாகக் குதித்தேன். பதினேழு தடவை. சிஸ்டர் வந்து வெளியே தள்ளும்வரை. அவள் உதடு கொஞ்சம் கோணியது மாதிரி இருந்தது. அப்புறம் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள்தான் எனக்கு அந்த மகத்தான யோசனை வந்தது. கடையில் விற்பதை எவன் வேண்டுமானாலும் வாங்கித் தருவான். நான் யார்? செராமிக் டிப்ளமோ. எங்கள் சேடில் ஒரு போலீஸ்காரர் பொம்மை உண்டு. சாண் உயரம், தொப்பி, கொஞ்சம் தொப்பை. கூழாகக் கரைத்த களிமண்ணை அச்சில் ஊற்றி எடுத்து, காயவைத்து, அப்புறம்தான் சூளைக்கு அனுப்புவோம். சூளைக்குப் போகாததைப் பச்சை என்போம். காய்ந்த பச்சைப் பொம்மை பார்ப்பதற்கு வெள்ளையாக, நல்ல பிள்ளை மாதிரி இருக்கும். அதில் இரண்டை ஓனரிடம் கேட்டு வாங்கி, பழைய துணியில் சுற்றி, வாட்டர் கலர் பெட்டியோடு எடுத்துப் போனேன். அவள் தன் இஷ்டத்துக்குக் கலர் அடிக்கட்டும், சூளைக்குக் கொண்டுபோய்ச் சுட்டுத் தருகிறேன் என்று திட்டம். சுடும்போது வாட்டர் கலர் எரிந்துபோய்விடும் என்பது எனக்கு அப்போது ஞாபகம் வரவில்லை. டிப்ளமோவில் அந்தப் பேப்பரில் நான் இரண்டாவது தடவைதான் பாஸ்.

"பச்சை. பாத்துப் பிடி. தண்ணியில மட்டும் போட்டுடாத, கரைஞ்சிடும்" என்றேன்.

இதைச் சொல்லியிருக்கவே கூடாது.

அவள் அன்றைக்குத்தான் முதல்முறையாக என் பரிசு ஒன்றைக் கையில் வாங்கினாள். என்னைப் பார்க்காமல்தான். ஆனாலும் வாங்கினாள். எனக்கு உள்ளுக்குள் மேளம். நாக்கின் நுனியை வெளியே நீட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் கலர் அடித்தாள். நான் வாசலில் நின்று வடை சாப்பிட்டேன். திரும்பி வந்தபோது முதல் போலீஸ்காரர் முடிந்திருந்தார். காக்கி இல்லை. மஞ்சள் டீ ஷர்ட். நான் எப்போதும் போடுகிற அதே மஞ்சள். மூக்குக்குக் கீழே, நான் ஆறு மாதமாகக் கஷ்டப்பட்டு வளர்த்துக்கொண்டிருக்கிற மீசை, அது இருக்கிற அதே பரிதாபமான அளவில். இடது கையில் கறுப்பாக ஒரு சின்னச் சதுரம்.

போன்.

"சூப்பரா இருக்குது பாப்பா" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கித்தான் வந்தது.

அவள் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் ஜக்கை இழுத்து, மூடியைத் திறந்து, போலீஸ்காரரைத் தலைகீழாகத் தண்ணீரில் விட்டாள்.

நன்றாகக் காய்ந்த பச்சைப் பொம்மை தண்ணீரில் விழுந்தால் பார்க்க அழகாக இருக்கும். புசுபுசுவென்று குமிழி விடும். தொப்பி முதலில் போகும். அப்புறம் முகம் அடுக்கடுக்காக உரியும். நாங்கள் சேடில் உடைந்த பச்சையை இப்படித்தான் தொட்டியில் போட்டுக் கரைத்து மறுபடியும் ஊற்றுவோம். தினமும் பார்க்கிற காட்சிதான். என் மீசையோடு பார்த்ததில்லை. அவள் ஜக்குக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள். முகம் போனதும் சிரித்தாள். ஐந்து நாளில் முதல் சிரிப்பு, வயிறு குலுங்கியது. அந்தக் குலுக்கலில் முழங்கை பட்டு ஜக் கட்டிலில் கவிழ்ந்தது. பாலாடை மாதிரி வெள்ளைக் குழம்பு போர்வையெல்லாம் பரவி, கட்டுப் போட்ட காலுக்கு அடியில் போய் நின்றது.

அந்த நேரம் பார்த்து சிஸ்டர் வந்தார்.

"ஐயையோ! கட்டு கரைஞ்சி ஓடுது! டாக்டரக் கூப்புடுங்க!"

"சிஸ்டர், அது கட்டு இல்ல. மாவுக்கட்டு ஒருதரம் இறுகிட்டா இப்படிக் கரையாது. நாங்க அச்சு செய்யறதும் அதே பவுடர்தான். இது களிமண்ணு."

"நீ யாரு?"

"செராமிக் டிப்ளமோ."

"வெளிய போ."

போர்வையை உருவிக்கொண்டு அக்கா குழாயடிக்குப் போனாள். போகும்போது என் முதுகில் ஒன்று வைத்துவிட்டுத்தான் போனாள். சிஸ்டர் டாக்டரைத் தேடிப் போனார். அந்த இரண்டு நிமிடம் நானும் அவளும் மட்டும். அவள் சிரிப்பு இன்னும் முழுசாக அடங்கியிருக்கவில்லை. டூ ஞாபகம் வந்து அடக்கிக்கொண்டாள். சுவரைப் பார்த்தபடி, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"எனக்கு எதும் வேணாம். அந்த வீடியோதான் வேணும்."

எனக்குப் புரியவில்லை என்று சொன்னால் அது அடுத்த பொய். விழும்போது போன் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அந்த வீடியோவை நான் அழிக்கவில்லை. குற்ற உணர்ச்சியால் வைத்திருந்தேன் என்று எழுத ஆசைதான். உண்மையில், முதல் இருபது நொடி வானம் அவ்வளவு நன்றாக வந்திருந்தது.

"அது அழிஞ்சிடுச்சி பாப்பா."

"பொய்யி. நீ நேத்து வராண்டாவுல நின்னு பாத்த. ஜன்னல்ல தெரிஞ்சிது."

டூ விட்டபின் முதல்முறையாக என்னை 'நீ' என்றாள். அதற்குச் சந்தோஷப்படுவதா, மாட்டிக்கொண்டதற்குப் பயப்படுவதா என்று தெரியவில்லை.

மாலை நாலு மணிக்குப் பார்வை நேரம். பெரியம்மா மறுபடியும் வந்தாள், மறுபடியும் பிரெட். அக்கா வீட்டுக்காரர் கடையைப் பூட்டிவிட்டு வந்து, மகள் தலைமாட்டில் நின்றார். அவளுக்குப் புதுப் போர்வை, புது ஜக், நிறையத் தண்ணீர். மடியில் இரண்டாவது போலீஸ்காரர். நான் வாசலில் நின்றிருந்த நேரத்தில் அவருக்கும் மஞ்சள் டீ ஷர்ட் போட்டுவிட்டிருந்தாள். மீசை இந்தத் தடவை இன்னும் மெலிவு.

பெரியம்மா ஆரம்பித்தாள். "ஏன் கண்ணு, இனிமேயாவது வண்டில ஆடாம குந்துவியா?"

அக்கா வீட்டுக்காரரும் அவள் தலையைத் தடவிக்கொண்டே, "அப்பா வண்டில வரப்ப ஆடுவியா? மாட்டல்ல? அப்பறம் மாமா வண்டில மட்டும் ஏன் பாப்பா ஆடுன?" என்றார். கோபமே இல்லை. அவ்வளவு அன்பாகக் கேட்டார். அதுதான் தாங்கவில்லை. அவள் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு நின்றது. போலீஸ்காரரைத் தூக்கி, ஜக்கின் வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, என்னைப் பார்த்தாள்.

போனை எடுத்தேன்.

"மாமா, ஒரு வீடியோ பாருங்க" என்றேன். யாருக்கோ கல்யாண வீடியோ காட்டுகிற மாதிரிக் குரல் வந்தது. சத்தத்தை முழுசாக வைத்து அவர் கையில் கொடுத்தேன். பெரியம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

ஆரஞ்சு வானம். புகைபோக்கி. என் குரல்: "வணக்கம் நண்பர்களே, இதோ நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது..." பின்னாலிருந்து சின்னக் குரல்: "மாமா, முன்னால பாரு." நான்: "இரு பாப்பா." மறுபடியும் வானம். "மாமா, சேறு இருக்குது. முன்னால பாரு மாமா." நான்: "இருன்றன்ல!" மூன்றாவது தடவை அந்தக் குரல் கத்தியது. அப்புறம் வானம் சுற்றியது. வெள்ளையாகச் சேறு. அப்புறம் நான் இந்தப் பக்கங்களில் எழுத விரும்பாத ஓர் அழுகை.

போன் நின்றது. இடுப்பு ஆபரேஷன் ஆயாகூடத் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

பெரியம்மாதான் முதலில் வாய் திறந்தாள். "யாரு அது, வணக்கம் நண்பர்களேன்றது?"

"நான்தான் பெரியம்மா."

"நாதாரி."

அக்கா கைக்கு எட்டிய பொருளால் அடித்தாள். பிரெட் பாக்கெட். அடிக்கு அடி பிரெட் நசுங்கியதே தவிர எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆஸ்பத்திரிக்குப் பிரெட் எதற்கு என்ற என் கேள்விக்கு அன்றைக்கு விடை கிடைத்தது. அக்கா வீட்டுக்காரர் அடிக்கவில்லை. போனைத் திருப்பித் தந்தார். கையை நீட்டினார்.

"வண்டி சாவியக் குடு."

கொடுத்தேன். அப்புறம் அவர் என்னைப் பார்க்கவில்லை. கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, மகள் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார்.

"ஆடலன்னு சொன்னியே பாப்பா."

"சொன்னேன்ல?" என்றாள். இவ்வளவு நேரம் முட்டிக்கொண்டிருந்தது உடைந்தது. "அன்னிக்கே சொன்னேன்ல? யாரு கேட்டீங்க?"

அவர் கிரீஸ் போகாத விரலால் அவள் கன்னத்தைத் துடைத்து, இன்னும் கறுப்பாக்கினார். பெரியம்மா மஞ்சப்பையைத் துழாவி, பிரெட்டுக்கு அடியில் தனக்காக வைத்திருந்த கடலை மிட்டாயை எடுத்து அவள் கையில் திணித்தாள். மன்னிப்புக் கேட்கிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. கடலை மிட்டாய் உண்டு.

மீதி ஐந்து நாளும் என் போன் அவளிடம்தான் இருந்தது. பார்க்க வருபவர்களுக்கு ஒரு வரிசை வைத்தாள். முதலில் வீடியோ, அப்புறம்தான் ஆப்பிள், பிரெட். பாதியில் கண்ணை எடுக்கக் கூடாது. "முன்னால பாரு" வரும் இடத்தில் விரலை உயர்த்தி, கேளுங்கள் என்று ஜாடை காட்டுவாள். தெரு சனம், ஸ்கூல் மிஸ், சித்தப்பா வகையறா எல்லாரும் பார்த்தார்கள். பக்கத்து வார்டிலிருந்து சக்கர நாற்காலியில் ஒருவர் வந்து பார்த்தார். டிரிப்ஸ் மாற்ற வந்த சிஸ்டர், "ஓ, வணக்கம் நண்பர்களே நீதானா?" என்றார். அதற்கப்புறம் அந்த ஆஸ்பத்திரியில் எனக்கு அதுதான் பெயர். நாற்பத்தாறு பேர் பின்தொடர்ந்த என் பக்கத்தில் வந்த எந்த வீடியோவுக்கும் அவ்வளவு கூட்டம் சேர்ந்ததில்லை. தாய்மாமன் என்ன வாங்கி வந்தான் என்று அப்புறம் யாரும் கேட்கவில்லை.

வீட்டுக்குக் கிளம்புகிற அன்று, நான் ஆட்டோ பிடித்துவிட்டு மேலே போனேன். கட்டிலுக்கு அடியில் இருந்த பத்தொன்பது பிரெட் பாக்கெட்டையும் அக்கா வார்டு முழுக்கக் கொடுத்து முடித்திருந்தாள். ஆயாவுக்கு மூன்று.

"இப்பவாவது சேத்தியா பாப்பா, டூ போச்சா?" என்று கேட்டேன்.

மாவுக்கட்டைத் தட்டிக் காட்டினாள். "பாதி சேத்தி. கட்டு அவுத்தப்பறம் மீதி."

"சரி. அந்தப் போலீஸ்காரரக் குடு, சூளையில வச்சி எடுத்தாரேன். அப்புடியே வச்சிருந்தா வீணாப் பூடும்."

"வேணாம்."

"சுட்டா ஸ்ட்ராங்கா இருக்கும் பாப்பா. தண்ணியில போட்டாக்கூட ஒண்ணும் ஆவாது."

"அதுக்குத்தான் வேணாம்" என்றாள்.

கட்டு அவிழ்த்து, நடந்து, ஓடி, இப்போது அந்த ஸ்கிப்பிங் கயிற்றிலும் குதிக்கிறாள். மீதி சேத்தியும் கிடைத்துவிட்டது. போலீஸ்காரர் அக்கா வீட்டு ஃப்ரிட்ஜ் மேல், தண்ணீர் ஜக்குக்கு ஒட்டினாற்போல் நிற்கிறார். ஒரு மழைக்காலத்து ஈரத்தில் தொப்பி லேசாகப் பொரிந்திருக்கிறது. நான் போகும்போதெல்லாம், யாரும் பார்க்காத நேரத்தில், ஜக்கை ஒரு சாண் தள்ளி வைத்துவிட்டு வருகிறேன். அடுத்த தடவை போனால் அது பழைய இடத்திலேயே இருக்கிறது.